குப்பை அள்ளிய வக்கீல்! வைகைக் கரைக்கும் ஒரு வழி

வக்கீலுக்குக் கடற்கரையில் என்ன வேலை? மாலை நேரத்தில் காற்று வாங்க வரலாம். குப்பை அள்ள வருவாரா?

மும்பையில் ஒரு வக்கீல் வந்தார். ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல. வாரம் தவறாமல் வந்தார். அவர் பெயர் அப்ரோஸ் ஷா.

மும்பையில் வெர்சோவா என்று ஒரு கடற்கரை இருக்கிறது. அதன் நீளம் சுமார் இரண்டரை கிலோமீட்டர். 2015-ம் ஆண்டில் அங்கே மணல் தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் பிளாஸ்டிக் பை, பாட்டில், பழைய துணி, அறுந்த செருப்பு! சில இடங்களில் குப்பை இடுப்பளவு கிடந்தது.

அந்தக் கடற்கரை ஓரம் குடிவந்தார் அப்ரோஸ் ஷா. "யாராவது வந்து சுத்தம் செய்யட்டும்" என்று அவர் காத்திருக்கவில்லை. 2015 அக்டோபரில் தாமே இறங்கினார். அவருக்குத் துணையாக வந்தவர் யார் தெரியுமா? பக்கத்து வீட்டுப் பெரியவர் ஹர்பன்ஷ் மாத்தூர். அவருக்கு அப்போது வயது 84!

முதலில் இரண்டே பேர். பிறகு மீனவர்கள் சேர்ந்தார்கள். குடிசைப் பகுதி மக்கள் சேர்ந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். அதிகாரிகளும் சினிமா நட்சத்திரங்களும்கூட வந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் அள்ளிய குப்பை சுமார் 50 லட்சம் கிலோ! 2016-ல் ஐக்கிய நாடுகள் சபை அப்ரோஸ் ஷாவுக்கு விருது கொடுத்துப் பாராட்டியது.

2018 மார்ச்சில் ஓர் அதிசயம் நடந்தது. அந்தக் கடற்கரையில் ஆமைக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்து கடலை நோக்கி ஓடின. அதற்கு முன் சுமார் 20 ஆண்டுகளாக அங்கே அப்படி ஒரு காட்சி இல்லை.

இடையில் வந்த இடையூறு

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. 2017 நவம்பரில் அப்ரோஸ் ஷா வேலையை நிறுத்தினார். அள்ளிக் குவித்த குப்பை எடுத்துச் செல்லப்படாமல் கிடந்தது. தொண்டர்களுக்குச் சிலர் தொல்லையும் கொடுத்தார்கள். முதலமைச்சர் உதவி செய்வதாகச் சொன்ன பிறகு வேலை மீண்டும் தொடங்கியது.

மழைக்காலத்தில் கடல் மறுபடியும் குப்பையைக் கொண்டுவந்து கொட்டும். ஆகவே, குப்பை வருகிற வழியையே அடைக்க வேண்டும் என்று அவர் பிற்காலத்தில் மும்பையின் மித்தி ஆற்றிலும் இறங்கினார்.

கடலுக்குக் குப்பை எங்கிருந்து வருகிறது? ஆற்றிலிருந்து. ஆற்றுக்கு எங்கிருந்து வருகிறது? நம் வீட்டிலிருந்து!

நம் ஊருக்கு என்ன?

"நிலக்கோட்டையில் கடல் இல்லையே, இந்தக் கதை எதற்கு?" என்று கேட்கலாம்.

கடல் இல்லை, வைகை இருக்கிறது. நிலக்கோட்டைக்குத் தெற்கே அணைப்பட்டியில் ஆற்றங்கரை. அங்கேதான் பேரணை. முல்லைப் பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிந்தது. அந்தத் தண்ணீர் வைகையில் சேர்ந்து, பேரணையிலிருந்து பெரிய கால்வாய் வழியாக மதுரைச் சீமையின் வயல்களுக்குப் போகிறது. திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர் தரும் இடங்களிலும் பேரணை ஒன்று.

ஆடி அமாவாசை அன்று அணைப்பட்டி ஆஞ்சநேயர் கோவில் அருகே கூட்டம் கூடும். முன்னோருக்குத் தர்ப்பணம் செய்வார்கள். குளித்தவர்கள் ஈரத் துணியை ஆற்றோடு விடுவது பல ஊர்களிலும் உள்ள வழக்கம். துணி போகாது. வேரிலும் கல்லிலும் சுற்றிக் கிடக்கும். முன்னோருக்கு இறைத்த அதே தண்ணீரைத்தானே நம் பிள்ளைகள் குடிக்க வேண்டும்?

ஆற்றில் எப்போதும் தண்ணீர் ஓடுவதில்லை. வறண்ட மணலில் குப்பை கிடக்கும். அணை திறந்ததும் அத்தனையும் அடுத்த ஊருக்குப் போகும். கண்மாயில் விழுந்த பாலிதீன் பை மடையை அடைக்கும். மாடு தின்றால் அதன் வயிற்றை அடைக்கும். தேங்காய்ச் சிரட்டையிலும் தேநீர்க் குவளையிலும் மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு முட்டையிடும்.

இது புதிது அல்ல!

ஊர் கூடி நீர்நிலையைக் காப்பது நமக்குப் புதிது அல்ல. குடிமராமத்து என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வருவார். மண்வெட்டியும் கூடையும் எடுத்து வருவார். எல்லோரும் சேர்ந்து கண்மாயையும் கால்வாயையும் தூர் வாருவார்கள். 1858-ம் ஆண்டுச் சட்டத்தில்கூட இந்த வழக்கத்துக்கு இடம் இருந்தது. அன்று அள்ளியது மண். இன்று அள்ள வேண்டியது பிளாஸ்டிக்!

எப்படித் தொடங்குவது?

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆறு முழுவதையும் ஒரே நாளில் சுத்தம் செய்ய நினைக்காதீர்கள். ஒரு படித்துறை போதும். கண்மாயின் ஒரு கரை போதும். பத்துப் பேர் இரண்டு மணி நேரத்தில் முடிக்கக்கூடிய இடமாக இருக்கட்டும்.

அடுத்து, ஊராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் சொல்லுங்கள். "குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது. குவித்து வைத்த குப்பை ஒரே காற்றில் மீண்டும் ஆற்றுக்குப் போய்விடும்.

அணையில் தண்ணீர் திறக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். திறக்கும் நாளில் ஆற்றில் இறங்கவே கூடாது.

காலை ஆறு மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். எல்லோருக்கும் செருப்பு வேண்டும், கையுறை வேண்டும். உரச் சாக்குகள் கொண்டுவாருங்கள். புதரிலும் துணிக் குவியலிலும் கையை விடாதீர்கள். பாம்பு இருக்கலாம், நீளக் கோலால் கிளறிப் பாருங்கள். உடைந்த பாட்டிலைச் சாக்கில் போட்டால் கிழித்துவிடும், வாளியில் போடுங்கள். ஊசி, மருந்துச் சீசா கண்டால் பிள்ளைகள் தொடக் கூடாது. பெரியவர்கள் தனியாக எடுத்து, வண்டிக்காரரிடம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பிள்ளைகள் தண்ணீருக்குள் இறங்க வேண்டாம். அவர்கள் கரையில் இருந்து கணக்கு எழுதட்டும். வேலை முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கால் கழுவ வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. சேர்ந்த குப்பையைக் கொளுத்தாதீர்கள்! பிளாஸ்டிக் புகை விஷம். பாட்டிலையும் இரும்பையும் பழைய சாமான் கடைக்குக் கொடுக்கலாம். மற்றதை வண்டியில் ஏற்றுங்கள்.

கணக்கு எதற்கு?

1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓ'ஹாரா என்ற இரண்டு பெண்கள் கடற்கரைச் சுத்தம் ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். சுமார் 2,800 பேர் வந்தார்கள். குப்பையை அள்ளியதோடு விடவில்லை. என்ன பொருள், எத்தனை என்று எழுதியும் வைத்தார்கள். இன்று பல நாடுகளில் ஒவ்வொரு செப்டம்பரிலும் இந்த வேலை நடக்கிறது. பல ஆண்டுகள் சிகரெட் துண்டுதான் அந்தக் கணக்கில் முதல் இடம். 2020-ல் வெளியான அறிக்கையில் தின்பண்டக் காகிதம் அதை முந்திவிட்டது!

கணக்கு இருந்தால் காரணம் தெரியும். துணி அதிகமா? படித்துறையில் ஒரு தொட்டி வையுங்கள். தேநீர்க் குவளை அதிகமா? கடைக்காரரிடம் பேசுங்கள். 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. நிலக்கோட்டை பூவுக்குப் பேர் போன ஊர். பூ வாங்கப் போகும்போது வாழை இலையில் கட்டித் தரச் சொல்லலாம். மஞ்சள் பையில் வாங்கி வரலாம்.

தாய்மார்களே, பெரியோர்களே! வருகிற ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். மும்பையில் தொடங்கியது இரண்டு பேர்தான். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்!