டிராக்டரின் ரப்பர் குழாய்களைக் கவனியுங்கள்

நடவுப் பருவத்தில் சேற்றுழவின் நடுவே டிராக்டர் நின்றுவிட்டால் நஷ்டம் அந்த ஒரு நாள் வேலையோடு போவதில்லை. நாற்றின் வயது கடந்துவிடும். முறை வைத்துப் பாய்ச்சும் தண்ணீரும் வீணாகும். எஞ்சின் நன்றாக இருந்தும், ஒரு ரப்பர் குழாய் வெடித்ததால் இந்த நிலை ஏற்படலாம். எனவே பருவம் தொடங்குமுன் குழாய்களை ஒரு முறை சோதித்துக்கொள்வது நல்லது.

தண்ணீர்க் குழாய்கள்

ரேடியேட்டரில் இரண்டு பெரிய குழாய்கள் உண்டு. மேல் குழாய் எஞ்சினிலிருந்து சூடான நீரை ரேடியேட்டருக்குக் கொண்டுவருகிறது. கீழ்க்குழாய் ஆறிய நீரை வாட்டர் பம்புக்கு அனுப்புகிறது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இவற்றை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கிளிப் அருகிலும் வளைவுகளிலும் தவறாமல் பார்க்கவும்.

அழுத்திவிட்டதும் பழைய நிலைக்கு வந்தால் குழாய் நல்லது. கட்டை போல் இறுகியிருந்தால் சூட்டில் காய்ந்துவிட்டது என்று பொருள். கொழகொழவென்று இருந்தால் ஆயில் பட்டு ஊறியிருக்கலாம். ஓரிடத்தில் புடைத்திருந்தால் உள்ளிருக்கும் நூல் அறுந்துவிட்டது. எந்த நேரமும் வெடிக்கும். கிளிப்பைச் சுற்றி வெண்மையாகவோ துருநிறமாகவோ கறை தெரிந்தால் நீர் கசிகிறது. கிளிப்பை அளவுக்கு மீறி முறுக்கினால் அது ரப்பரை அறுத்துவிடும்.

பம்பு நீரை இழுக்கும்போது கீழ்க்குழாய் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளக் கூடும். இதைத் தடுக்கச் சில குழாய்களுக்குள் கம்பிச் சுருள் இருக்கும். குழாயை மாற்றும்போது இதை எறிந்துவிடக் கூடாது.

குழாய் வெடித்து நீர் முழுதும் போய்விட்டால் சூடு காட்டும் மீட்டரையும் நம்ப முடியாது. நீரில் மூழ்கியிராத சென்சார் சூட்டைக் குறைத்துக் காட்டலாம். ஆவி கண்டதும் எஞ்சினை நிறுத்த வேண்டும். சூடாக இருக்கையில் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். உடனே பச்சைத் தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம்.

காற்றுக் குழாய்

ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் குழாயில் சிறு விரிசல் இருந்தாலும் புழுதி வடிகட்டப்படாமல் உள்ளே போகும். புழுதி உழவிலும் கதிரடிப்பிலும் இது பெரும் கேடு. லைனரும் பிஸ்டன் ரிங்கும் விரைவில் தேய்ந்து, எஞ்சின் ஆயில் குடிக்கத் தொடங்கும். டேப் சுற்றி ஒப்பேற்றாமல் புதுக் குழாய் போடுவதே சிக்கனம்.

டீசல், ஹைட்ராலிக் குழாய்கள்

டாங்கியிலிருந்து வரும் டீசல் குழாயில் விரிசல் இருந்தால், சொட்டு ஒழுகாமலே காற்றை இழுக்கலாம். அப்போது எஞ்சின் விட்டுவிட்டு ஓடும். ஹைட்ராலிக் குழாயைச் சோதிக்குமுன் கருவியைத் தரையில் இறக்கி எஞ்சினை நிறுத்த வேண்டும். கசிவைக் கையால் தடவித் தேடுவது ஆபத்து. ஊசி போல் பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். அட்டைத் துண்டைக் காட்டிப் பார்ப்பதே பாதுகாப்பு.

மாற்றும் காலம்

சில கம்பெனிகளின் கையேடுகள் ரேடியேட்டர் குழாய்களை 2 ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கின்றன. தங்கள் டிராக்டரின் கையேட்டைப் பார்த்து அதன்படி செய்யவும். வைக்கோல், தானியம் உள்ள கொட்டகையில் வண்டியை நிறுத்துவோர் எலி கடித்த தடமும் பார்க்க வேண்டும்.

மேல் குழாய், கீழ்க்குழாய் ஒவ்வொன்றும், பொருத்தமான நான்கு கிளிப்புகளும் கருவிப் பெட்டியில் இருந்தால், வயலிலேயே மாற்றிக்கொண்டு மீதி உழவை முடித்துவிடலாம்.