2012–13 ஸ்காட்டிய மூன்றாம் பிரிவு

2012–13 ஸ்காட்டிய மூன்றாம் பிரிவு என்பது ஸ்காட்லாந்து கால்பந்து லீக்கின் நான்காம் நிலைப் போட்டித் தொடராகும். 1994-ல் தொடங்கிய இப்பிரிவு இப்பெயரில் நடந்த கடைசிப் பருவம் இது. பத்துக் கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் 36 ஆட்டங்கள். வழக்கமாகச் சில நூறு பேர் மட்டுமே பார்க்கும் இத்தொடரை, அதுவரை 54 முறை நாட்டின் லீக் பட்டம் வென்றிருந்த கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் இதில் ஆடியதால் உலகமே திரும்பிப் பார்த்தது.

பின்னணி

ரேஞ்சர்ஸ் கழகத்தை நடத்திய நிறுவனம் 2012 பெப்ரவரி 14 அன்று திவால் நிர்வாகத்தின் கீழ் வந்தது. கடனில் ஒரு பகுதியை மட்டும் பெற்றுக்கொள்ளும் உடன்பாட்டுக்கு வரித்துறை இசையவில்லை. நிறுவனம் கலைப்புக்குப் போனது. அரங்கம் உள்ளிட்ட சொத்துகளைச் சார்ல்ஸ் கிரீன் தலைமையிலான குழு 55 இலட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அந்தப் புதிய நிறுவனத்துக்குப் பிரீமியர் லீக்கில் இடம் தர அங்கிருந்த கழகங்கள் சூலை 4 அன்று மறுத்துவிட்டன.

அடுத்த கேள்வி, எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பது. தொலைக்காட்சி வருவாய் போய்விடும் என்று அஞ்சிய கால்பந்து நிர்வாகிகள், அவ்வணியை இரண்டாம் நிலையிலேயே சேர்க்கச் சிறு கழகங்களை வற்புறுத்தினர். தங்களை மிரட்டுகிறார்கள் என்று ரெய்த் ரோவர்ஸ் தலைவர் டர்ன்புல் ஹட்டன் வெளிப்படையாகவே சாடினார். புதிதாக வருபவர் அடிமட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது பெரும்பாலான ரசிகர்களின் நிலைப்பாடு. சூலை 13 அன்று நடந்த வாக்கெடுப்பில் 30 கழகங்களில் 25 மூன்றாம் பிரிவையே தேர்ந்தெடுத்தன. இதைத் தண்டனை என்று பலரும் எழுதினாலும், அது விதியை எல்லோருக்கும் ஒன்றாக வைத்த முடிவு என்பதே பொருத்தம். பிரீமியர் லீக்கில் காலியான இடம் டண்டீக்குப் போக, அதனால் எழுந்த இடமாற்றங்களில் ஏர்டிரி யுனைடெட்டும் ஸ்ட்ரான்ரேரும் ஆளுக்கொரு படி ஏறின.

பருவம்

முதல் லீக் ஆட்டம் ஆகத்து 11 அன்று வடகிழக்குக் கடற்கரை மீன்பிடி ஊரான பீட்டர்ஹெட்டில் நடந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஆண்டி லிட்டில் அடித்த கோலால்தான் ரேஞ்சர்ஸ் 2–2 என்று தப்பியது. ஒரு வாரம் கழித்து ஐப்ராக்ஸ் அரங்கில் ஈஸ்ட் ஸ்டர்லிங்சயரை 5–1 என வென்றபோது 49,118 பேர் திரண்டனர். நான்காம் நிலை ஆட்டம் ஒன்றுக்கு அது அன்றைய உலகச் சாதனை.

வெளியூரில் நிலைமை வேறு. பெரிக்கில் 1–1, அன்னனில் 0–0. அக்டோபர் 6 அன்று அட்டவணையின் அடியில் கிடந்த ஸ்டர்லிங் ஆல்பியன் 1–0 என்று வென்றேவிட்டது. ஸ்டர்லிங் பயிற்சியாளர் கிரெக் மெக்டொனால்ட் அதைப் பார்க்கவில்லை. அன்று அவருக்குத் திருமணம். அக்டோபர் 28-ல் கிளைடு அணியை வென்ற பிறகே வெளியூரில் ரேஞ்சர்சுக்கு முதல் லீக் வெற்றி கிடைத்தது.

இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணங்கள் உண்டு. முன்னணி வீரர்கள் பலர் புதிய நிறுவனத்துக்கு மாற மறுத்து விலகினர். செப்டம்பர் முதல் ஓராண்டுக்கு 18 வயதுக்கு மேற்பட்ட புதிய வீரர்களைப் பதிவு செய்யவும் தடை இருந்தது. ஆனாலும் எதிரணிகளில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்து மாலையில் பயிற்சி செய்பவர்கள்; குயின்ஸ் பார்க் வீரர்களோ சம்பளமே வாங்காதவர்கள். அந்த ஒப்பீட்டில் ஆலி மெக்காய்ஸ்ட் பயிற்றுவித்த அணியின் ஆட்டம் சுமார் ரகம்தான். அன்னன் அத்லெட்டிக் 2013 மார்ச்சில் ஐப்ராக்சுக்கே வந்து 2–1 என வென்றது. ஏப்ரலில் பீட்டர்ஹெட்டும் அதையே செய்தது.

சிறு ஊர்களுக்கு இந்த வருகை பணத்தோடு தொல்லையும் தந்தது. நவம்பர் 25 ஆட்டத்துக்கு எல்ஜின் சிட்டி அரங்கின் கொள்ளளவை மீறி நுழைவுச்சீட்டுகளை விற்றுவிட, ஆட்டத்தையே தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

முடிவும் பின்விளைவும்

மார்ச்சு முடியும் முன்பே பட்டம் உறுதியானது. ரேஞ்சர்ஸ் 83 புள்ளிகளும் இரண்டாமிடம் வந்த பீட்டர்ஹெட் 59 புள்ளிகளும் பெற்றன. மே 4 அன்று பெரிக்குடனான கடைசி ஆட்டத்தில் கூட்டம் 50 ஆயிரத்தைத் தாண்டியது. தகுதி உயர்வுக்கான கூடுதல் போட்டிகளில் ஈஸ்ட் ஃபைஃப் வென்று இரண்டாம் பிரிவில் நீடித்ததால், பீட்டர்ஹெட் ஏற முடியவில்லை.

1890 முதல் இயங்கிவந்த ஸ்காட்டிய கால்பந்து லீக் 2013 கோடையில் பிரீமியர் லீக்குடன் இணைக்கப்பட்டது. மூன்றாம் பிரிவு 'லீக் டூ' ஆயிற்று. இது பழைய கழகமேதானா, புதிய கழகமா என்ற சண்டை கிளாஸ்கோவில் இன்றும் ஓயவில்லை.

ஈஸ்ட் ஸ்டர்லிங்சயர் பத்தாமிடத்தில் முடித்தது. அலெக்ஸ் பெர்குசன் 1974-ல் தம் பயிற்சியாளர் வாழ்வைத் தொடங்கிய கழகம் இது. அப்போது கீழே வேறு படி இல்லாததால் தப்பித்தது. பின்னர் கடைசி அணி லீக்கை விட்டு வெளியேறக்கூடும் என்று விதி மாறியது. 2016-ல் ரேஞ்சர்ஸ் முதல்நிலைக்குத் திரும்பத் தகுதி பெற்றபோது, அந்த விதியின்படி வெளியேறிய முதல் கழகம் ஈஸ்ட் ஸ்டர்லிங்சயர்.