உண்டியல் அவர்கள் கையில், கணக்கேடு யார் கையில்?

ஏழு நாள் முகாமுக்கு ஒரு மாணவிக்கு 450 ரூபாய். நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாமுக்கு அரசு பல ஆண்டுகளாகக் கொடுத்துவந்த தொகை இது. நாளொன்றுக்கு 64 ரூபாய்ச் சொச்சம். மூன்று வேளைச் சாப்பாடு, போக்குவரத்து, பேனர், முதலுதவிப் பெட்டி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அடங்காது என்பது வீட்டில் அடுப்பு மூட்டுகிற எவருக்கும் தெரியும். முகாம் நடக்கும் ஊரில் ஒருவர் அரிசி மூட்டை தருவார், இன்னொருவர் வாழைத்தார் வெட்டி அனுப்புவார். பேராசிரியை கைக்காசைப் போடுவார். அதற்கும் மேலே வேண்டியதை மாணவிகள் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கி வசூலிப்பார்கள்.

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் கல்லூரிப் பெண்கள் ஊருக்காகச் செய்கிற வேலை எப்படி நடக்கிறது, அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது, யார் கையில் போய்ச் சேர்கிறது என்பதைப் பார்ப்போம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த வேலைக்குத் தனி அமைப்புகள் இருக்கின்றன. சொராரிட்டி என்பார்கள். பெண்கள் மட்டும் சேரும் சங்கம். பெயர் பெரும்பாலும் கிரேக்க எழுத்துகளில் இருக்கும். படிப்பு முடிந்தாலும் உறுப்பினர் உறவு முடியாது. நமக்குத் தெரிந்த பெயர் ஒன்றைச் சொன்னால் எளிதில் புரியும். திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தின் பேத்தி கமலா ஹாரிஸ், ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஆல்பா கப்பா ஆல்பா என்ற சங்கத்தில் சேர்ந்தவர். கறுப்பினப் பெண்கள் 1908-ல் அங்கேயே தொடங்கிய சங்கம் அது. அந்தச் சங்கத்துப் பெண்கள் 1935 முதல் 1942 வரை கோடைதோறும் மிசிசிப்பி மாநிலத்துக்குப் போய் ஏழைகளுக்கு மருத்துவ முகாம் நடத்தினார்கள். மருத்துவர் டாரதி ஃபெரபீ தலைமை தாங்கினார். பருத்திப் பண்ணை முதலாளிகள் தொழிலாளர்களை முகாமுக்கு அனுப்ப மறுத்தபோது, இவர்களே மருந்துப் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பண்ணைக்குள் போனார்கள். பை பீட்டா ஃபை என்ற இன்னொரு சங்கம் டென்னசி மாநிலத்தின் கேட்லின்பர்க் மலையூரில் 1912-ல் ஒரு பள்ளிக்கூடமே தொடங்கியது.

இந்தச் சங்கங்களில் குறைகளும் உண்டு. செலவு பிடிக்கும், யாரைச் சேர்ப்பது என்பதில் நிறமும் வசதியும் பார்த்த காலம் நீண்டது. கறுப்பினப் பெண்கள் தங்களுக்கென்று சங்கம் கண்டதே அதனால்தான். ஆனால் ஒரு வழக்கத்தை நாம் கவனிக்க வேண்டும். கல்லூரிக் கிளையின் பொருளாளர் ஒரு மாணவி. நிதி திரட்டுவதற்குப் பொறுப்பாளர் இன்னொரு மாணவி. இருவரும் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். வந்த பணமும் போன பணமும் இருபது வயதுப் பெண்ணின் பொறுப்பு.

திருச்சியில் சொராரிட்டி கிடையாது. பெண்கள் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. தெப்பக்குளத்தின் அருகே ஹோலி கிராஸ் 1923-லிருந்து இருக்கிறது. சீதாலட்சுமி ராமசாமி கல்லூரி 1951-ல் வந்தது, உறையூர்ப் பக்கம் காவேரி மகளிர் கல்லூரி 1984-ல். ஸ்ரீரங்கம் தீவுக்குள் திருவானைக்கோவிலில் இருபாலரும் படிக்கும் ஸ்ரீமத் ஆண்டவன் கல்லூரி 1996-ல் தொடங்கியது. இந்தக் கல்லூரிகளிலெல்லாம் சேவை என்றாலே முதலில் நினைவுக்கு வருவது என்.எஸ்.எஸ். எனப்படும் நாட்டு நலப்பணித் திட்டம். அதன் பக்கத்திலேயே இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், செஞ்சுருள் சங்கம், ரோட்டராக்ட், லியோ என்று பல பலகைகள் தொங்கும்.

காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24-ல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் என்.எஸ்.எஸ். ஓர் அலகுக்கு ஏறத்தாழ 100 பேர். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் உழைக்க வேண்டும். அலகில் பாதிப் பேர் ஏழு நாள் சிறப்பு முகாமுக்குப் போவார்கள். பாரதிதாசன் பல்கலைக்கழக இளநிலைப் படிப்பின் ஐந்தாம் பகுதியில் விரிவாக்கப் பணிக்கென்று ஒரு கிரெடிட் இருக்கிறது. ஒரே ஒரு கிரெடிட்தான். திருச்சியின் தூய வளனார் கல்லூரி இன்னும் ஒரு படி மேலே போய், கிராமப் பணிக்காகவே ‘செப்பர்டு’ என்ற விரிவாக்கத் துறையை வைத்திருக்கிறது.

இந்தச் சேவைப் பணிகளில் சேரும் பெண்கள் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். லால்குடி, முசிறி, துறையூர், மணப்பாறை, குளித்தலைப் பக்கமிருந்து விடிகாலைப் பஸ்ஸில் சத்திரம் பேருந்து நிலையத்தில் வந்து இறங்குகிறவர்கள் நிறையப் பேர். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களும் அவர்களில் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு 2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அதிலிருந்துதான் ஒரு பெண் பத்து ரூபாயை உண்டியலில் போடுகிறாள். தானம் என்று நாம் பேசும்போது வசதியுள்ளவர் இல்லாதவருக்குக் கொடுப்பதாக நினைத்துக்கொள்கிறோம். இங்கே கொடுப்பவளும் வாங்குபவளும் ஒரே பஸ்ஸில் வருகிறார்கள்.

முகாமுக்கு வீட்டில் அனுமதி வாங்குவது தனிப் பாடு. “ராத்திரி அங்கேயே தங்கணுமா?” என்பதுதான் முதல் கேள்வி. மேடம் கூடவே இருப்பார், பஞ்சாயத்துப் பள்ளியில்தான் தங்கல், ஊர்ப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். சிலருக்குக் கடைசிவரை கிடைக்காது. கிடைத்தவர்கள் அந்த ஏழு நாளில் காலையில் எழுந்து சமைத்து, வீடு வீடாகக் கணக்கெடுத்து, மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, இரவில் அன்றைய நாளை உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். உறவினர் வீடு தவிர வேறெங்கும் இரவு தங்காத பெண்ணுக்கு இது பெரிய வாசல்.

இந்த மாணவிகள் செய்யும் வேலைகளில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது ரத்ததான முகாம். ரத்தம் கொடுக்க 18 வயது ஆகியிருக்க வேண்டும், எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும், ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒருமுறை கொடுத்த ஆண் மூன்று மாதம் கழித்து மறுபடியும் கொடுக்கலாம், பெண் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். இனித் தமிழ்நாட்டின் நிலையைப் பாருங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இங்கே 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாடு முழுவதற்கும் 57 சதவீதம். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ரத்தசோகை என்று சொல்லும் அளவு 12 கிராமுக்குக் கீழே. தானத்துக்கான வரம்போ அதைவிட அரை கிராம் மேலே. அதனால், ஆசையாக வரிசையில் நிற்கும் பெண்களில் கணிசமானவர்கள் விரல் நுனியில் ஊசி குத்திய மறு நிமிடமே திருப்பி அனுப்பப்படுவார்கள். “உனக்கே ரத்தம் இல்லை, நீ எங்கே கொடுப்பது?” என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார், அவள் சிரித்துக்கொண்டே போவாள்.

அப்படிப் போகவிடுவதுதான் தவறு. அந்த நிமிடத்தில் ஒரு கல்லூரிக்குக் கிடைத்திருப்பது விலைமதிப்பற்ற பட்டியல்: யாருக்கு உடம்பில் ரத்தம் குறைவு என்ற பட்டியல். பள்ளியில் வாரம் ஒன்று என்று கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை கல்லூரிக்கு வந்ததும் பெரும்பாலும் நின்றுபோகிறது. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பஸ் பிடிக்கும் பெண்ணுக்கு அது நிற்கவே கூடாத காலம். திருப்பி அனுப்பப்பட்டவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்தோடு இணைத்து, மாத்திரை வாங்கிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்துப் பார்ப்பதற்கு அதிகச் செலவாகாது. மாணவிகள் திரட்டும் நிதியில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால், எத்தனை யூனிட் ரத்தம் கிடைத்தது என்பதோடு எத்தனை பேர் 12-ஐத் தாண்டினார்கள் என்பதையும் ஆண்டறிக்கையில் எழுதலாம்.

ஸ்ரீரங்கத்தில் வேலை வேறு வகை. வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும். வரிசையை ஒழுங்குபடுத்த, வழி சொல்ல, வயதானவர்களைக் கைபிடித்து அழைத்துப்போக ஆட்கள் வேண்டும். ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் அம்மா மண்டபத்துப் படித்துறை நிரம்பி வழியும். மறுநாள் படியெல்லாம் மாலையும் துணியும் பாலிதீன் பைகளுமாகக் கிடக்கும். மாணவர்கள் கையுறை மாட்டிக்கொண்டு அள்ளும் படம் நாளிதழில் வரும். நல்ல வேலைதான். ஆனால் குப்பை ஆற்றில் விழுந்த பிறகு அள்ளுவதைவிட, முதல் நாளே படியில் கூடைகளோடு நின்று துணியையும் பையையும் கேட்டு வாங்கிக்கொள்வது எளிது. அதற்குக் கூடை வாங்கவும் சேர்ந்ததை ஏற்றிப்போக ஒரு குட்டியானைக்கும் பணம் வேண்டும். சாதாரணச் செலவு, ஆனால் திருவிழாவுக்கு முன்பே கையில் இருக்க வேண்டிய பணம்.

கொடி நாள் உண்டியல் எல்லோருக்கும் தெரிந்ததே. 1949 முதல் டிசம்பர் 7-ல் படைவீரர் கொடி நாள் நடக்கிறது. கல்லூரிகளுக்கும் கொடிகள் வந்து சேரும், வசூல் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும். பேரிடர் வந்தால் வசூலின் வேகமே வேறு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, அதிகம் அடிபடாத திருச்சியிலிருந்து தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர்ப் பக்கம் லாரிகள் புறப்பட்டன. கல்லூரிகளும் திரட்டின. அரிசியும் பழைய சேலையும் கொடுக்க எல்லோருக்கும் தோன்றும். மின்சாரம் இல்லாத ஊருக்கு மெழுகுவத்தியும் கொசுவத்தியும் தார்ப்பாயும் வேண்டும் என்பது கொஞ்சம் யோசித்தால்தான் தோன்றும். நாப்கினும் உள்ளாடையும் வேண்டும் என்பது பெண்கள் உட்கார்ந்து பட்டியல் போட்டால்தான் தோன்றும். எதை வாங்குவது என்று முடிவெடுக்கும் இடத்தில் மாணவிகள் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியாது.

அந்த இடத்தில் அவர்கள் பெரும்பாலும் இல்லை. என்.எஸ்.எஸ். பணம் முதல்வரும் திட்ட அலுவலரும் சேர்ந்து கையெழுத்திடும் கணக்கில் இருக்கும். அரசுப் பணம் என்பதால் அது சரிதான். ஆனால் மாணவிகள் தாங்களே திரட்டும் பணமும், உணவுத் திருவிழாவில் பணியாரமும் சுண்டலும் விற்று வந்த லாபமும், பல இடங்களில் ஓர் உறையில் போட்டு மேடத்திடம் ஒப்படைக்கப்பட்டதோடு அவர்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. எவ்வளவு சேர்ந்தது, எதற்குப் போனது, மிச்சம் எவ்வளவு என்பது போட்டவளுக்கே தெரியாமல் போகலாம். யாரும் அதில் கைவைக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான பேராசிரியைகள் சொந்தப் பணத்தை இழப்பவர்கள்தான். பெண் பிள்ளைகளைப் பணப் பொறுப்பிலிருந்து தள்ளிவைப்பதுதான் பாதுகாப்பு என்ற பழக்கத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

பெண்கள் சேர்ந்து நிதி திரட்டுவது நமக்குப் புதிதில்லை. அரிசி களையும் முன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடும் பிடியரிசி வழக்கம் இருந்தது. காஞ்சிப் பெரியவர் அதை ஒரு திட்டமாகவே நடத்தச் சொன்னார். தேவாலயங்களின் பெண்கள் ஐக்கியங்களிலும் கைப்பிடி அரிசிக் காணிக்கை உண்டு. அதைவிட இன்றைக்குப் பொருந்தும் முன்மாதிரி இந்த மாணவிகளின் வீட்டிலேயே இருக்கிறது. 1989-ல் தருமபுரியில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் அவர்களுடைய அம்மாக்கள் உறுப்பினர்கள். ஊக்குநரையும் பிரதிநிதியையும் அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கூட்டம் கூடித் தீர்மானப் புத்தகம் எழுதுகிறார்கள். வங்கியில் கையெழுத்துப் போடுகிறார்கள். திருச்சிக் குடிசைப் பகுதிகளில் கிராமாலயா தொண்டு நிறுவனத்தின் துணையோடு பெண்கள் குழுக்கள் பொதுக் கழிப்பறைகளையே கட்டணம் வசூலித்து நடத்தின. அன்றாட வசூலை எழுதிவைத்து, அதிலிருந்தே பராமரித்தார்கள். பத்தாம் வகுப்பைத் தாண்டாத அம்மா கணக்கேடு எழுதுகிறாள். பி.காம். படிக்கும் மகள் உண்டியலைக் குலுக்கிவிட்டு ஒப்படைத்துவிட்டு வருகிறாள்.

மாற்றுவதற்குப் புதிய சட்டமோ சுற்றறிக்கையோ தேவையில்லை. அலகின் முதல் கூட்டத்திலேயே பொருளாளரையும் துணைப் பொருளாளரையும் மாணவிகளே தேர்ந்தெடுக்கட்டும். அரசுப் பணம் பழைய முறையிலேயே இருக்கட்டும். அவர்கள் திரட்டும் பணத்துக்கு மட்டும் தனிப் பேரேடு போதும். எண் போட்ட ரசீதுப் புத்தகம் ஒன்று. முகாமுக்குப் போகும் முன்பே அந்த ஊர்ப் பெண்களைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்டுவந்து அதற்கு ஒரு மதிப்பீடு. திரும்பி வந்த பதினைந்து நாளுக்குள் வரவு செலவு அறிவிப்புப் பலகையில்; அதே தாள் முகாம் நடந்த ஊரின் பஞ்சாயத்து அலுவலகத்திலும். படிப்பு கெட்டுவிடும், கணக்கில் தப்பு வரும் என்று சில முதல்வர்கள் தயங்கலாம். தப்பு வரத்தான் செய்யும். தணிக்கைப் பாடம் படிக்கும் வணிகவியல் மாணவிகள் அதே வளாகத்தில் இருக்கிறார்கள்; ஆண்டுக்கு ஒரு மதியம் அவர்கள் வேறொரு அலகின் பேரேட்டை எடுத்து உட்கார்ந்தால், பட்டாணி வாங்கிய நாற்பது ரூபாய்க்குச் சீட்டு எங்கே என்று கேட்டுவிடுவார்கள்.