கல்லணை – பூம்புகார் நெடுஞ்சாலையும் நம் கடமையும்

நாள்தோறும் சென்று வரும் சாலையைப் பற்றி நாம் சிந்திப்பது அரிது. பள்ளம் விழுந்தால் குறை கூறுகிறோம். செப்பனிட்ட மறுநாளே மறந்துவிடுகிறோம். ஆனால் சாலை எங்கிருந்து வருகிறது, எவ்வூர்களை இணைக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது, அதன் அடியில் என்ன இருக்கிறது என்பவற்றை ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம் பயக்கும். அவ்வகையில் காவிரிப் படுகையின் ஊடே செல்லும் கல்லணை–காவிரிப்பூம்பட்டினம் சாலையைப் பற்றி இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். மாநில நெடுஞ்சாலைகளின் வரிசையில் இதன் எண் 22. நீளம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர்.

சாலை செல்லும் வழி

கரிகாற் சோழன் எழுப்பியதாகப் போற்றப்படும் கல்லணையில் இச்சாலை தொடங்குகிறது. கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என நீர் நான்கு வழிகளில் பிரிந்து செல்வது இங்கேதான். இவற்றுள் கல்லணைக் கால்வாய் ஒன்றே புதியது. மேட்டூர் அணைத் திட்டத்துடன் 1934-இல் பயனுக்கு வந்தது.

கல்லணையை விட்டுக் கிழக்கே செல்லும் சாலை, குடமுருட்டி பிரியும் இடத்தை அடுத்துள்ள திருக்காட்டுப்பள்ளியை அடைகிறது. பின்னர், தியாகராஜ சுவாமிகள் வாழ்ந்து 1847-இல் மறைந்த திருவையாறு. அதன் பின் கணபதி அக்கிரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலை. காவிரி கொணர்ந்த வண்டல் மண்ணைக் கொண்டே சுவாமிமலைச் சிற்பிகள் செப்புத் திருமேனிகளுக்கு அச்சு அமைக்கின்றனர். அடுத்தது கும்பகோணம். 2016-ஆம் ஆண்டு மகாமகத்தின்போது இந்நகரின் சாலைகள் தாங்கிய மக்கள் கூட்டம் நம் நினைவில் உள்ளது. அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது.

கும்பகோணத்தைக் கடந்ததும் பட்டு நெசவிற் சிறந்த திருபுவனம், திருவிடைமருதூர் ஆகிய ஊர்கள் வருகின்றன. அடுத்துள்ள ஆடுதுறையின் பெயரை அறியாத உழவர் இலர். 1922-இல் அங்கே தொடங்கப்பெற்ற நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ‘ஏ.டி.டி.’ இரகங்கள் நம் வயல்களில் விளைகின்றன. பின்னர் குத்தாலம் வழியே மயிலாடுதுறையை அடைந்து, மேலையூரைக் கடந்து, சாலை பூம்புகார்க் கடற்கரையில் முடிகிறது. மேலையூரில் காவிரியின் கடைமுகத் தடுப்பணை உள்ளது. ஆகவே ஆற்றின் நீரைப் பகிர்ந்தளிக்கும் அணையில் தொடங்கி, எஞ்சிய நீரைக் கடலுக்கு விடும் அணையைக் கண்டு முடியும் சாலை இது என்று கூறலாம்.

வரலாறு

இவ்வழி மிகப் பழையது. கோவலனும் கண்ணகியும் புகாரிலிருந்து மேற்கு நோக்கி நடந்தது காவிரியின் வடகரை வழியே என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. துறைமுகத்தில் இறங்கிய பண்டங்கள் உள்நாடு செல்லவும், உள்நாட்டு நெல் துறைமுகம் சேரவும் ஆற்றங்கரையே இயற்கையான வழியாக இருந்திருக்கும்.

ஆயினும் படுகையில் சாலை அமைப்பது எளிய காரியமன்று. இங்கே தோண்டுமிடமெல்லாம் வண்டல், கருங்கல் கிடையாது. சல்லியும் சரளையும் மேட்டு நிலப் பகுதிகளிலிருந்தே வரவேண்டும். மழைக்காலத்தில் பார வண்டிகளின் சக்கரங்கள் அச்சளவு புதைந்த கதையை நம் முதியோர் இன்றும் கூறுவர். பிற்காலத்தில் இருப்புப் பாதை வந்து நெடுந்தூரப் போக்குவரத்தை ஏற்றது. ஆனால் களத்திலிருந்து நெல்லைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் வேலை சாலைக்கே உரியதாயிற்று.

நாட்டின் சாலைகளைத் தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை எனத் தரம் பிரித்து வளர்ப்பதற்கான திட்டம் 1943-இல் நாகபுரியில் கூடிய பொறியாளர் மாநாட்டில் உருவாயிற்று. சென்னை மாகாணத்தில் நெடுஞ்சாலைகளுக்கென்று தனித் துறை 1946-இல் அமைந்தது. இச்சாலை செல்லும் பகுதி முழுவதும் அன்று ஒரே தஞ்சாவூர் மாவட்டமாக இருந்தது. 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது. அதிலிருந்து 2020-இல் மயிலாடுதுறை பிரிந்தது. மாவட்ட எல்லைகள் மாறின. சாலையின் போக்கு மாறவில்லை.

சாலையும் ஒரு கரையே

இனி, நாம் முக்கியமாகக் கூற வந்ததைக் கூறுவோம். படுகையில் ஆற்றை ஒட்டிய நிலம் சற்று மேடாகவும், ஆற்றை விட்டு விலக விலகத் தாழ்ந்தும் இருக்கும். ஆண்டுதோறும் வெள்ளம் கரையோரம் வண்டலை மிகுதியாகப் படியவிட்டதே இதற்குக் காரணம். ஆகவே ஆற்றில் பிரியும் பாசன வாய்க்கால்கள் பக்கவாட்டில் வயலை நோக்கி ஓடுகின்றன. சாலையோ ஆற்றுடன் இணைந்து நீளவாக்கில் செல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று குறுக்கிடாமல் இருக்க முடியாது.

அவ்வாறு குறுக்கிடும் இடங்களில்தான் பாலங்களும், சிறு மதகுகளும், குழாய்ப் பாலங்களும் அமைந்துள்ளன. சில வழியே பாசன நீர் செல்கிறது. வேறு சில வழியே வயலில் மிகுந்த நீர் வடிகிறது. இவை திறந்திருக்கும் வரை சாலை வெறும் சாலை. அடைபட்டால் அதுவே நாம் கேட்காத ஓர் அணையாகிவிடும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தும் ஒரு பக்கத்து வயல் காயும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மறு பக்கத்துச் சம்பாப் பயிர் மூழ்கும்.

நம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊராட்சியில் நேர்ந்ததை இங்கே குறிப்பிடுகிறோம். ஒரு கார்த்திகை மாதத்தில் மூன்று நாள் பெய்த மழையில், நடவு முடிந்து ஒரு மாதமே ஆன பயிர் நீரில் நின்றது. மழை விட்டும் நீர் வடியவில்லை. மண்வெட்டிகளுடன் வந்த உழவர்கள் சாலையையே வெட்டிவிடுவது என்று முனைந்தனர். அவ்வூர் வாய்க்கால்களை நெடுங்காலம் அறிந்த முதியவர் ஒருவர், “இங்கே ஒரு மதகு இருந்ததே” என்று ஓரிடத்தைக் காட்டினார். மனைக்கு வழி அமைக்க எவரோ கொட்டிய மண்ணும், அதன்மேல் வளர்ந்த புதரும் அதை மூடியிருந்தன. நெடுஞ்சாலைத் துறையினரை வரவழைத்துத் தோண்டிப் பார்த்தபோது, மதகு சிறிதும் பழுதின்றி இருந்தது. மறுநாள் மாலைக்குள் நீர் வடிந்தது. ஆயினும் பயிரில் ஒரு பகுதி அழுகிப்போயிற்று. மண் கொட்டியவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அம்மதகு ஊராட்சியின் ஏட்டிலும் இல்லை. நம் அலுவலகத்து ஏட்டிலும் இல்லை. அதைத் தன் நினைவில் வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தாம்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லைக்குள் சாலையைக் கடக்கும் மதகு, குழாய் அனைத்தையும் நேரிற் கண்டு பட்டியல் எழுதிவைத்தல் வேண்டும். எது பாசனத்துக்கு, எது வடிகாலுக்கு என்பதையும் குறித்தல் வேண்டும். முதியோரை உடன் அழைத்துச் செல்வது சிறப்பு.

இரண்டாவதாக, பொறுப்பு யாருடையது என்பதை அறிதல் வேண்டும். மாநில நெடுஞ்சாலையும் அதன் பாலங்களும் நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. ஆறுகளும் அவற்றிலிருந்து பிரியும் பெரிய வாய்க்கால்களும் நீர்வளத் துறையின் பொறுப்பு. தெருச் சாக்கடையும் ஊராட்சிச் சாலையும் நம்முடையவை. சாலையை நாமே வெட்டுதல் கூடாது. எழுத்து மூலம் உரிய பொறியாளருக்குத் தெரிவிப்பதே முறை. சாலை எல்லைக்குள் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றும் அதிகாரத்தை 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் அத்துறைக்கு வழங்கியுள்ளது.

மூன்றாவதாக, பழைய தார்ப் பரப்பின் மீதே புதிய பரப்பை இட்டுக்கொண்டு போனால் சாலை உயர்ந்து வீடுகள் தாழ்ந்துவிடும். பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதியதை இடுமாறு 2021-இல் அரசு அறிவுறுத்தியுள்ளது. வேலை நடக்கும்போது உறுப்பினர்கள் இதைக் கவனித்தல் நன்று.

நான்காவதாக, அறுவடைக் காலத்தில் சாலைமீது நெல்லைக் காயவைத்து, சுற்றிலும் கற்களை அடுக்கும் வழக்கத்தைக் கைவிடுதல் வேண்டும். களம் போதாமையால் நேரும் இடர்ப்பாட்டை நாம் அறியாதவரல்லோம். ஆனால் இரவில் விளக்கு மங்கிய இருசக்கர வண்டியில் வருபவருக்கு அக்கல் எமனாகக்கூடும். உலர்களம் வேண்டுமெனில் கிராம சபையில் தீர்மானம் இயற்றி அனுப்பலாம்.

ஆகஸ்டு 15-ஆம் நாள் கூடும் கிராம சபை இவற்றுக்கெல்லாம் தகுந்த தருணம். வடகிழக்குப் பருவமழைக்கு அப்போது இரண்டு மாதங்கள் இருக்கும். மதகுப் பட்டியலை அன்று சபையில் படித்துக் காட்டினால், விடுபட்டதை ஊரார் எடுத்துரைப்பர். அடைத்தவரும் அங்கேயே இருப்பர்.

கல்லணையில் பிரிந்த நீர் மேலையூர் வரை தடையின்றிச் செல்லவேண்டுமென்று நாம் விரும்புகிறோம். அந்நீர் நம் ஊரில் சாலையைக் கடக்கும் இடம் ஒரு முழ அகலமே இருக்கலாம். அந்த ஒரு முழத்தைக் காப்பது நம் கையில் உள்ளது.