சுளுக்கு என்று உருவிவிடாதீர்கள்!

பந்து விளையாடிவிட்டு நொண்டிக்கொண்டு வரும் பையனை உட்காரவைத்து, தைலம் தேய்த்துக் காலை உருவிவிடுவது எங்கள் ரிங்லெட் தேயிலைத் தோட்டப்புறத்தில் பழகிப்போன கைவைத்தியம். ஆனால், அந்தப் பையனுக்கு ஹீமோபிலியா இருந்தால் அதே கைவைத்தியம் அவன் காலை முடக்கிவிடலாம்.

ஹீமோபிலியா, பிறவியிலேயே வரும் இரத்தம் உறையாக் குறைபாடு. இரத்தம் உறையத் தேவையான 8ஆம் காரணி குறைந்தால் ‘ஏ’ வகை. 9ஆம் காரணி குறைந்தால் ‘பி’ வகை. பெரும்பாலும் ஆண்களுக்கே வரும். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமலேயே வருகிறது.

இதில் வெளிக்காயத்தைவிட மூட்டுக்குள்ளும் தசைக்குள்ளும் கசியும் இரத்தமே பெரிய தொல்லை. கெண்டைக்காலில் கசிந்தால் குதிகால் தரையில் பதியாது. முன்கையில் கசிந்தால் நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போகும். இடுப்பின் உள்தசையில் கசிந்தால் அடிவயிறு வலிக்கும். காலை நீட்ட முடியாது. குடல்வால் வலி என்று தவறாக எண்ணவும் இடமுண்டு.

குறைந்திருக்கும் காரணியை உடனே இரத்தக் குழாய் வழியாக ஏற்ற வேண்டும். முடிந்தால் 2 மணி நேரத்திற்குள். ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா மருத்துவமனைக்கு வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலைதான். விடுமுறை நாளில் நெரிசல் வேறு. எனவே, அவசரத்தில் மருந்து எங்கே கிடைக்கும் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்திருங்கள். அதுவரை காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். உருவக்கூடாது. ஆஸ்பிரின், புரூஃபன் மாத்திரைகள் கூடாது. தசையில் ஊசியும் கூடாது.

வலி நின்றதும் பலர் சிகிச்சையை விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் தவறு. மருந்து கசிவை நிறுத்தும். சுருங்கிய தசையை மீட்பது பயிற்சிதான். முதலில், காலை அசைக்காமல் தசையை மட்டும் இறுக்கித் தளர்த்த வேண்டும். பிறகு தானாகவே மெல்ல மடக்கி நீட்ட வேண்டும். பிறர் பிடித்து இழுக்கக்கூடாது. அதன்பின் ஊன்றுகோலுடன் நடை. இடுப்புத் தசை என்றால் வாரக்கணக்கில் ஆகும். இரண்டு கால்களும் ஒரே அளவு பலம் பெற்ற பிறகே திடல். இவை எல்லாம் இயன்முறை மருத்துவர் சொல்படி நடக்க வேண்டும். தேவையானால் பயிற்சிக்கு முன் மருந்தும் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் 2020ஆம் ஆண்டு சிகிச்சை வழிகாட்டியும் மருந்தோடு உடற்பயிற்சியையும் வலியுறுத்துகிறது. அதைத் தொகுத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், தமிழ்நாட்டின் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா.

ஏப்ரல் 17 உலக ஹீமோபிலியா தினம். அந்நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். சிறு அடிக்கே பெரிதாக வீங்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், தைலப் புட்டியைத் தேடும் முன் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.