உங்களுக்குத் தெரியுமா? ஐ.சி.சி. விட்டாலும் வாரியம் விடவில்லை!
2018 மார்ச்சில் கேப்டவுன் டெஸ்டில் உப்புத்தாளால் பந்தைத் தேய்க்க முயன்ற ஆஸ்திரேலிய வீரர் பான்கிராஃப்டுக்குச் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐ.சி.சி.) தடையே விதிக்கவில்லை, போட்டி ஊதியத்தில் 75 சதவீத அபராதத்தோடு விட்டது. கேப்டன் ஸ்மித்துக்கு ஒரே ஒரு டெஸ்ட் தடை. சொந்த நாட்டு கிரிக்கெட் வாரியமோ ஸ்மித்தையும் துணைக் கேப்டன் வார்னரையும் 12 மாதங்கள், பான்கிராஃப்டை 9 மாதங்கள் ஒதுக்கிவைத்தது. இதே குற்றத்துக்கு மற்ற நாட்டு வீரர்கள் சிலர் அபராதத்தோடு தப்பினார்களே, இது அநியாயம் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே வார்னர் போட்ட திட்டத்தை இளம் வீரர் பான்கிராஃப்ட் நிறைவேற்ற, கேப்டன் தெரிந்தும் தடுக்கவில்லை. அகப்பட்ட பிறகு உப்புத்தாளை ஒட்டுநாடா என்று பொய்யும் சொன்னார்கள். தலைமையே துணைபோகும் ஏமாற்றுக்கு அபராதம் போதவே போதாது. அதே ஆண்டு ஜூலையில் ஐ.சி.சி.யும் இக்குற்றத்துக்கான தண்டனையை 6 டெஸ்ட் தடை வரை உயர்த்தியது.