பாத்திரம் கழுவிய தண்ணீரில் பிறந்த விஞ்ஞானம்!

சாப்பாடு முடிந்தது. எண்ணெய்ப் பசை உள்ள தட்டுகளைத் தண்ணீரில் போட்டுக் கழுவுகிறோம். தண்ணீரின்மேல் பசை மெல்லிய படலமாகப் படர்கிறது. தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, அதை அத்தோடு மறந்துவிடுகிறோம்.

ஒரு பெண் மறக்கவில்லை. பத்து ஆண்டுக் காலம் அதையே ஆராய்ந்தாள். உலக விஞ்ஞானிகள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்!

அவள் பெயர் ஆக்னஸ் போக்கெல்ஸ்.

தம்பி கல்லூரிக்கு, அக்காள் அடுப்பங்கரைக்கு!

1862-ம் ஆண்டு வெனிஸ் நகரத்தில் பிறந்தாள். தந்தை, ஆஸ்திரியப் பட்டாளத்தில் அதிகாரி. மலேரியாக் காய்ச்சல் அவர் உடலைக் கெடுத்தது. வேலையில் இருந்து விலகினார். 1871-ல் குடும்பம் ஜெர்மனியில் உள்ள பிரன்ஸ்விக் நகரில் குடியேறியது.

ஆக்னசுக்குப் பவுதிகம் என்றால் உயிர். ஆனால், அந்த நாளில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை. தம்பி பிரீட்ரிக் பவுதிகம் படிக்கப் போனான். அக்காள் வீட்டு வேலையைக் கவனித்தாள். நோயாளியான பெற்றோருக்குப் பணிவிடை செய்யும் பொறுப்பும் அவளுக்குத்தான்.

தம்பி கொடுத்த புத்தகங்களே அவளுக்கு ஆசிரியர்.

தகரத் தொட்டி

தண்ணீரின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய தோல்போல விறைப்பாக இருக்கும். சிறு பூச்சிகள் அதன்மேல் நடப்பது அதனால்தான். எண்ணெய்ப் பசை பட்டால் அந்த விறைப்பு குறைகிறது. எவ்வளவு பசைக்கு எவ்வளவு குறைகிறது? இதுதான் ஆக்னசின் கேள்வி.

18-வது வயதில் ஆராய்ச்சியைத் தொடங்கினாள். 20-வது வயதில், தானே ஒரு கருவியை அமைத்தாள். நீளமான ஒரு தகரத் தொட்டி. அதில் விளிம்பு வரை தண்ணீர். குறுக்கே ஒரு தகரப் பட்டை. ஒரு சிறு வட்ட வில்லையைத் தண்ணீரைத் தொடும்படி வைத்து, அதைப் பிரித்து எடுக்க எவ்வளவு எடை தேவை என்று தராசில் பார்த்தாள்.

பட்டையை நகர்த்தினால் பசை நெருக்கப்படும். ஓர் அளவு வரை விறைப்பு மாறவில்லை. அந்த அளவைத் தாண்டியதும் மளமளவென்று குறைந்தது!

காரணம் என்ன? எண்ணெயின் மூலக்கூறுகள் தண்ணீரின்மேல் ஒரே அடுக்காகப் பரவி நிற்கின்றன. இடம் இருக்கும் வரை தொல்லை இல்லை. தோளோடு தோள் இடித்ததும் நிலைமை மாறுகிறது. பிற்கால விஞ்ஞானம் தந்த விளக்கம் இது.

பிரபுவுக்கு ஒரு கடிதம்

கண்டதை யாரிடம் சொல்வது? பட்டம் இல்லாத பெண்ணின் கட்டுரையை எந்தப் பத்திரிகை போடும்?

இங்கிலாந்தில் ராலே பிரபு என்ற பெரிய விஞ்ஞானி இதே துறையில் ஆராய்ச்சி செய்வதாக ஆக்னஸ் அறிந்தாள். 1891 ஜனவரியில், ஜெர்மன் மொழியில் அவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். அப்போது அவளுக்கு வயது 28.

ராலே பிரபு கடிதத்தைக் குப்பையில் போடவில்லை. அவருடைய மனைவி அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பிரபு அதை 'நேச்சர்' பத்திரிகைக்கு அனுப்பி, வெளியிடும்படி கேட்டுக்கொண்டார். மார்ச் மாதம் 12-ந் தேதி, ஆக்னசின் பெயரிலேயே அது வெளிவந்தது!

70 வயதில் பட்டம்

ஆக்னசின் தொட்டி முறையை அமெரிக்க விஞ்ஞானி லாங்மியூர் மேலும் வளர்த்தார். மேற்பரப்பு ஆராய்ச்சிக்காக 1932-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே ஆண்டில், பிரன்ஸ்விக் தொழில்நுட்பக் கல்லூரி ஆக்னஸ் அம்மையாருக்குக் கவுரவ டாக்டர் பட்டம் அளித்தது. கல்லூரியில் படிக்க வழி இல்லாதிருந்தவருக்கு, 70 வயதில் டாக்டர் பட்டம்! 1935-ல் அவர் காலமானார்.

நீங்களும் பார்க்கலாம்

சுத்தமான கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். கற்பூரத்தைப் பொடியாகக் கிள்ளிப் போடுங்கள். அது சுற்றிச் சுற்றி ஓடும். எண்ணெய் தொட்ட விரலால் தண்ணீரைத் தொடுங்கள். ஓட்டம் நின்றுவிடும்!

இதற்குப் பெரிய ஆராய்ச்சிக்கூடம் தேவை இல்லை. கொட்டுவதற்கு முன், ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால் போதும்.